படகை இழுக்கக் கட்டில் குழாய்

ரஷீதா,

அக்கா வீட்டிலிருந்து நீ வரும்போது கட்டில் பிரிந்து கிடக்கும். திருடன் வரவில்லை. இரும்புக் குழாயை நான்தான் எடுத்துப் போகிறேன்.

உன் தம்பி மீரானின் மீன்பிடிப் படகை மாஹிமிலிருந்து டிராம்பேக்கு நம் பிக்கப் வண்டியால் இழுக்க வேண்டும். இரண்டு பேர் ஏறினால் மூன்றாமவன் நனைகிற படகு. அதற்குள் அவன் கப்பல் முதலாளி! "கயிறு போதும் மச்சான், நான் படகுல நின்னு சலாம் போட்டுக்கிட்டே வாறேன்" என்கிறான். படகு நிற்பதோ சக்கரம் வைத்த சட்டத்தில். சயான் பாலத்து இறக்கத்தில் நான் பிரேக் போட்டால் கயிறா அதை நிறுத்தும்? முதலாளி என் முதுகில்தான் வந்து இறங்குவார். குழாய் என்றால் இழுக்கும், தடுக்கவும் செய்யும். உன் வாப்பா தந்த கட்டில்தானே, அவர் மகனுக்கே உதவட்டும்.

இதைச் சொன்னதற்குத்தான் நேற்று, "என் தம்பி முன்னேறுனா உங்களுக்குப் பொறுக்காது" என்று கிளம்பிப் போனாய்.

சால்னாவைச் சூடாக்கிக்கொள். கீழே அவன் ஹாரனை விடாமல் அமுக்குகிறான்.

பி.கு: அவனைப் படகில் ஏற்றமாட்டேன். என் பக்கத்தில்தான் உட்காருவான், கோபித்தாலும் சரி.

இன்னொன்று: போய்ச் சேர்ந்ததும் மளிகைக் கடைக்குப் போன் செய்கிறேன். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிரு, கவலைப்பட நேரமிருக்காது.

ஜமால்