நீ கேட்ட கல்

இன்று உன் சுமைதாங்கிக் கல்லில் விறகுச் சுமையை இறக்கியபோது எண்ணெய் வாடை அடித்தது. யாரோ விளக்கெண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, ஒரு முழம் அரளியும் சுற்றியிருக்கிறார்கள். நல்லபடியாகப் பிள்ளை பிறக்க உன்னிடம் வேண்டிக்கொள்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்த வரைக்கும் உன் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் கொடுக்க நாதியில்லை.

நினைவிருக்கிறதா உனக்கு? நார்த்தாமலைக் காட்டில் விறகு பொறுக்கிக் கட்டி, நாம் புதுக்கோட்டைச் சந்தைக்கு நடந்த நடை. வழியெல்லாம் பொட்டல். ஒருத்தி தலைச்சுமையை இறக்க இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். அவள் தலையிலும் சுமை. கீழே போட்டால் கட்டுச் சிதறும், திரும்ப ஏற்றிவிட ஆளில்லை. கழுத்து இற்றுப்போனாலும் இறக்காமல்தான் நடப்போம்.

நடந்துகொண்டே நீ பாட்டுக் கட்டுவாய். நான் கல்தச்சர் மகள், எனக்கு எழுத்துத் தெரியும். உனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் வாயைத் திறந்தால் பாட்டு வந்து விழும். பின்னால் வருகிற பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். நீ கட்டியதில் எனக்கு நெஞ்சிலேயே நிற்பது இதுதான்:

ஏறுவெயில் நேரத்துல எறக்கிவைக்க ஆளுமில்ல
கழுத்தொடியும் பாதையில கல்லு நட நாதியில்ல

இந்தப் பாட்டு ஊர்த்தலைவர் அம்பலகாரர் காதுக்குப் போயிற்று. உன்னைக் கூப்பிட்டு, "வயித்துப் புள்ளையோட செத்தவளுக்குத்தான் சுமதாங்கி நடுறது வழக்கம். சும்மா நட்டா ஊருக்கு ஆகாது" என்று சொல்லி அனுப்பினார். நீ சிரித்துக்கொண்டே வந்து என்னிடம், "அப்ப எவளாச்சும் புள்ளத்தாச்சியா செத்தாத்தான் கல்லு வருமாக்கும். யாருடி போறது, நீயா நானா?" என்றாய். போடி, வாயைக் கழுவு என்று திட்டினேன்.

சண்டையால் பர்மா அரிசி நின்றுபோன வருஷம் அது. உன் வீட்டுக்காரன் பட்டாளத்துக்குப் போய்ச் சேதி இல்லை. உனக்கு எட்டாம் மாதம். வீட்டில் இருந்தால் கஞ்சி கிடையாது, அதனால் நீயும் சுமை தூக்கினாய். பாதி வழியில், "எறக்கணும்டி, முடியல" என்றாய். குரல் உன்னுடையது மாதிரியே இல்லை. என் கட்டை வீசி எறிந்துவிட்டு உன் சுமையைப் பிடித்தேன். அதற்குள் நீ மண்டி போட்டுவிட்டாய். கால் வழியாக ரத்தம். மாட்டு வண்டி ஒன்று வந்து சேர்வதற்குள் நீயும் போய்விட்டாய், உள்ளே இருந்ததும் போய்விட்டது. பொட்டலில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

வழக்கம் இருக்கிறதே, கல் உடனே வந்தது. உன் மாமியார் வந்து என் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நிற்க இரண்டு கல், மேலே படுக்க ஒரு கல். படுக்கைக் கல்லில் உன் பாட்டையும் பேரையும் வெட்டச் சொல்லி அப்பாவிடம் மன்றாடினேன். அவர் உன் மாமியாரைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"சுமக்குறவளுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சவன் சுமக்கமாட்டான். யாருக்குடி வெட்டச் சொல்ற?"

உன் வீட்டுக்காரன் பேரை வெட்டி, அதன் கீழே 'சம்சாரம் நினைவாக' என்று வெட்டினார்கள். அவ்வளவுதான் உனக்கு.

இன்று எண்ணெய் வாடையில் நான் முகம் சுளித்து நின்றபோது, கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வாழ வந்த பெண் ஒருத்தி சுமையோடு வந்தாள். மேடிட்ட வயிறு. யார் கையையும் எதிர்பாராமல், கல்லோடு ஒட்டி நின்று தலையைச் சாய்த்துக் கட்டை இறக்கினாள். இறக்கிய கையோடு உன் பாட்டை முணுமுணுத்தாள். நான் கேட்டேன்.

"யாரு கட்டுன பாட்டு ஆயி அது?"

"கட்டுறதா? எல்லாரும் பாடுறதுதான் அயித்த. நடவுல கூடப் பாடுறாகளே."

"இந்தக் கல்லு யாருக்கு நட்டதோ, அவ கட்டுனது. சுமை எறக்க ஒரு கல்லு வேணும்னு கேட்டுக் கட்டுனா. அப்ப குடுக்கல. அவ செத்தப்பறம் நட்டாக."

அவள் கல்லைப் பார்த்தாள். அரளியை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்தாள்.

"கேட்டப்பவே குடுத்திருக்கலாம்ல அயித்த?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கட்டைத் தூக்கி ஏற்றிவிட்டேன். என் கட்டைக் கல்லிலிருந்து தலைக்கு வாங்கிக்கொண்டு அவளோடு நடந்தேன். வழியில் உன் பேரைச் சொன்னேன். அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், பிறகு பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். கல்லில் இடம் கிடைக்காத உன் பேரை இத்தனை வருஷமாக நான் ஒருத்திதான் சுமந்துகொண்டிருந்தேன். இன்றைக்குச் சந்தை வரைக்கும் இரண்டு பேராகச் சுமந்தோம்.