பட்டியலில் நான் அடித்த வரி

இன்று காலை பாடசாலை ஒலிபெருக்கியைத் திருத்துவதற்குத் தலவாக்கலையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆசிரியர் அறை மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து, பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். ஈயம் உருகும்போது எழும் அந்தக் குங்கிலிய வாசம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. கொப்பிகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து குழாயடியில் நின்றேன். முகம் கழுவுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

நாம் ஒரே வகுப்பு. நான் உயர்தரம் படித்து விஞ்ஞான ஆசிரியை ஆனேன். நீ சாதாரண தரத்தோடு கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாய். தைக்கப் போன நீ, மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நீயே திறந்து பார்க்கத் தொடங்கி, கடைசியில் அந்த வேலைக்கே மாற்றப்பட்டாய். ஏழு வருடம் கழித்து, தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது என்று திரும்பி வந்தாய். டவுனில் தையல் மெஷின் திருத்தும் கடையில் சேர்ந்தாய். வந்த முதல் மாதமே வீட்டு வயரிங்கை முழுக்கப் பிடுங்கிப்போட்டுப் புதிதாக இழுத்தாய். வாசல் சுவரை நீலமாக்கினாய். அந்த லயத்திலேயே வாசல் சுவரில் ட்ரிப் சுவிட்ச் இருந்த ஒரே வீடு உன்னுடையது. மின்சாரம் எங்கேயாவது கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் அது நிறுத்திவிடும் என்று, வந்தவர்களுக்கெல்லாம் பட்டனை அமுக்கிக் காட்டுவாய்.

கொழும்பில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ரோபோ அணிக்கு ஒரு தொகை அனுப்பியபோது, நான் நேராக வந்தது உன்னிடம்தான். ஐந்து பிள்ளைகள், அதில் மூன்று பேர் பெண்கள். இரண்டு மாதத்தில் மாகாணப் போட்டி. அதிபர் ஒரு படத்தைக் காட்டினார்: கறுப்புப் பெட்டி, உள்ளே வரிசை வரிசையாய் மின்னும் இருநூறு சாமான்கள். அதை வாங்கினால் பார்க்கிறவர்களுக்கும் அழகாக இருக்கும் என்றார். நீ அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு ஐந்து பிள்ளைகளின் வலது கையையும் கொப்பித் தாளில் வைத்து வரைந்து கொண்டுவரச் சொன்னாய்.

“எதுக்குடி?” என்றேன்.

“ஒங்க அதிபர் கைக்கா வாங்கப் போறோம்?” என்றாய்.

ஒரு சனிக்கிழமை ஹட்டனில் பஸ் ஏறிக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போனோம். உன் பையில் அந்த ஐந்து தாள்களும், துருப்பிடித்த திருகாணி முறுக்கிய ஒரு மரக்கட்டையும் இருந்தன. முதல் கடையில் இருநூறு சாமான் பெட்டியை நீ இறக்கிக் காட்டச் சொன்னபோது, அதிபர் பேச்சைக் கேட்டுவிட்டாய் என்று நினைத்தேன். அதிலிருந்து ஒரு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக் கட்டையில் இருந்த திருகாணியை ஒரு முறுக்கு முறுக்கினாய். ட்ரைவரின் நுனி மடங்கிப்போனது. கடைக்காரர் சிங்களத்தில் கத்தினார். நீயும் சிங்களத்தில், சாமானைத்தான் சோதித்தேன், உங்களை இல்லையே என்று அமைதியாகச் சொன்னாய். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு உள்ளே இருந்த நல்ல சாமான்களை எடுத்து வைத்ததோடு, உட்கார ஒரு ஸ்டூலும் போட்டார்.

ஒவ்வொரு குறடாக எடுத்துத் தாளில் வரைந்திருந்த கைகளின் மேல் வைத்துப் பார்த்தாய். சர்மிளாவின் கைதான் எல்லாவற்றிலும் சிறியது. அவள் விரல் எட்டாத எதையும் நீ எடுக்கவில்லை. ஸ்க்ரூ ட்ரைவர் இரண்டே இரண்டு, ஆனால் இரும்பைக் கடித்தாலும் தேயாதது. வயர் உரிக்கும் குறடு ஒன்று. ஈயம் உருக்க, சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோல்டரிங் அயன் ஒன்று. மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் மலிவானது போதும் என்றாய். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் ஐந்து பேருக்கும் வேண்டும் என்றாய். “கொறட்ட மாறி மாறிப் பிடிக்கலாம், புள்ள. கண்ண மாறி மாறி வச்சிக்க முடியுமா?” என்று நீ கேட்டபோது கடைக்காரருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, அவரும் தலையாட்டினார்.

நீ எழுதி வைத்திருந்த பட்டியலில் கடைசியாக மிஞ்சியது இரண்டு. ஒன்று, வேலை அறைக்கு ட்ரிப் சுவிட்ச். மற்றது, ரோபோவுக்கு ஒரு சோடி மோட்டார். இருந்த மோட்டார்களில் ஒன்று அந்த வாரம்தான் எரிந்துபோயிருந்தது. கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும்.

நான் மோட்டார் என்றேன்.

நீ பட்டியலில் சுவிட்ச் வரியின் மேல் விரலை வைத்தாய். பிறகு, “அந்த ரூமு கூர ஒழுகுது. புள்ளைங்க கை ஈரமாத்தான் இருக்கும்” என்றாய்.

போட்டி முடிந்ததும் வாங்கலாம் என்றேன். மோட்டார் இல்லாமல் போட்டிக்கே போக முடியாது என்றேன். இவ்வளவு காலமும் அந்த அறையில் ஒன்றும் நடக்கவில்லையே என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து, உன் கையெழுத்தில் இருந்த அந்த வரியை அடித்தேன். நீ தடுக்கவில்லை. திரும்பி வரும்போது வட்டவளை தாண்டும்வரை பஸ் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாய். தூங்கினாயா, யோசித்தாயா என்று இப்போது தெரியவில்லை.

மூன்றாம் நாள் பாடசாலை விட்ட பிறகு வந்தாய். பத்திரிகைத் தாளில் சுற்றிய ட்ரிப் சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து, வேலை அறைச் சுவரில் திருகிப் பூட்டினாய். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

“ஒரு எடத்துல சும்மா கெடந்துச்சு.”

அதன் ஓரத்தில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். உன் வீட்டு வாசலில் எத்தனை தடவை உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன், அந்த நீலம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு என் மனம் முழுக்கப் போட்டிதான் இருந்தது. பாடசாலைப் பொருட்களின் பதிவேட்டில் அதையும் எழுதும்படி அதிபர் சொன்னார். எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பின்னேரம், நீயும் அறையில் இருந்தபோது, சோல்டரிங் அயனின் வயரை சர்மிளா தெரியாமல் சூடான நுனியில் வைத்துவிட்டாள். உறை உருகியது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் மேசையில் தேங்கி இருந்தது. அவள் அயனைத் தூக்கிய அதே நேரம் ‘டக்’ என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சர்மிளாவின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம். ‘நீ அடித்த வரிதான் இது’ என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லியிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று நான் மறுபடியும் கேட்டிருப்பேனோ என்னவோ.

அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை பகல் மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட துணியை எடுக்க நீ வீட்டுக்குப் பின்னால் ஓடினாய். குளிக்கிற இடத்துக்கு விளக்குப் போட நீ இழுத்திருந்த வயர் தகரத்தில் உராய்ந்து உராய்ந்து உரிந்திருக்கிறது. நனைந்த தகரத்தில் உன் கை பட்டது. அவ்வளவுதான். எனக்குச் செய்தி வந்து நான் ஓடி வருவதற்குள் உன்னைக் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். லொறி திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இழவு வீட்டில், உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு மேலே அந்த நீலச் சுவரைப் பார்த்தேன். நான்கு துளைகளோடு ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. சுவிட்சுக்கு வந்த வயர்களையும் போன வயர்களையும் நேராகச் சேர்த்து டேப் சுற்றியிருந்தாய். உன் வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. டேப் கூட அவ்வளவு ஒழுங்கு.

எட்டாம் நாள் கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். பட்டியலில் நான் அடித்த வரியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அவங்க என்னைப் பார்க்கவே இல்லை.

“ஒரு மாசத்துக்குத்தான்னு சொல்லிட்டுக் கழட்டிட்டுப் போனா” என்றாங்க. பிறகு, “இப்ப அங்க வேல செய்யுதா டீச்சர்?” என்று கேட்டாங்க.

“செய்யுதுங்கம்மா.”

“அப்ப இருக்கட்டும்.”

அதுவரை என்னை அவங்க டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை. சின்ன வயதிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அதற்குப் பிறகு ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

போட்டிக்குப் போனோம். உனக்காகவாவது ஜெயிப்போம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டும். மற்றப் பாடசாலைகளின் மேசையில் கணினிகளும் பெயர் பொறித்த சட்டைகளும் இருந்தன. எங்கள் ரோபோ தரையில் கீறியிருந்த கோட்டைப் பிடித்துப் பாதிதூரம் ஒழுங்காகப் போனது. வளைவில் சில்லுகள் சுற்றிக்கொண்டே இருக்க, நகராமல் நின்றுவிட்டது. முதல் சுற்றிலேயே வெளியே. புதிய மோட்டார்களில் ஒரு பிழையும் இல்லை; நான் எழுதிக்கொடுத்த வேகக் கணக்கில்தான் பிழை. திரும்பும் வழியில் கந்தப்பளைப் பக்கத்துப் பையன் ஒருவன், போட்டிக்கு வந்தவன், சர்மிளாவிடம் குறடு நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கியது என்று கேட்டான். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அணி இல்லை. பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போனார்கள். இரண்டு பேர் படிப்பை விட்டார்கள். சாதாரண தரம் எழுதிய கையோடு சர்மிளா வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும் முன் வந்து சொன்னாள். அவளைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பும்படி அவள் அப்பாவிடம் மூன்று தடவை பேசினேன். அவர் கோபப்படவில்லை. அங்கே தங்க வைப்பதற்கு யாரும் இல்லை என்றார். நம் வேலை அறையின் கூரையில் ஒரு பக்கம் காற்றில் போய்விட்டது. அறைக்கு மின்சாரத்தைத் துண்டித்து, உடைந்த கதிரைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம்.

சுவிட்ச் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. கழற்றிக்கொண்டு போய் உன் அம்மா வீட்டில் பூட்டலாம் என்று கேட்டேன். பதிவேட்டில் ஏறிய பொருளை வெளியே கொடுக்க முடியாது என்றார்கள். புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அதற்குள் உன் தம்பி வந்து அம்மாவை வட்டவளைக்குக் கூட்டிப் போயிருந்தான். வேறு குடும்பம் குடிவந்து வாசலை வெள்ளையாக்கிவிட்டது. அவர்களிடம் கொடுத்தேன். வாங்கி அலுமாரியில் வைத்தார்கள். பிறகு சுவரில் பூட்டினார்களா என்று தெரியவில்லை. எட்டிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் சுவிட்ச் இருக்கிறதா என்று வாசல் சுவருக்குத்தான் போகிறது. நேற்று மேல் லயத்தில், இரண்டு கிழமையாகப் பாடசாலைக்கு வராத ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தேடிப் போனேன். அடுப்புப் பக்கத்துச் சுவரில் வெறும் வயர் தொங்கியது, அதற்குக் கீழே தண்ணீர் வாளி. பாடத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசினேன். என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று எல்லாம் சொன்னேன். பிள்ளையின் அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாங்க.

“சரிங்க டீச்சர். மழைக்கு முன்னாடி எப்புடியாவது பாத்துருவோம்” என்றாங்க.

வெளியே மழை தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.