நிறுத்திய மாத்திரை

அன்பு மகளுக்கு,

சொல்ல வந்தவை மூன்று:
1. வலிப்பு மாத்திரையை நீயாக நிறுத்தக் கூடாது.
2. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.
3. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டாள்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதென்று நீ மாத்திரையை விட்டுவிட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். உன் பயம் புரிகிறது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரலாம். நீ விழுந்தால் பிள்ளைக்கும் ஆபத்து. அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாடிப்படியில் தனியாக இறங்காதே.

இதற்குள் உன் அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். "அவ விழுந்தா தபால்காரரா தாங்கிப் பிடிப்பாரு? செருப்பை மாட்டுங்க!" என்று பையோடு வாசலில் நிற்கிறாள்.

நேரில் எனக்குப் பேச்சு வராது. இதைக் கையில் தருகிறேன். மூன்றாவதை அடித்துவிடு, அது தவறு. தாங்காதவன் நான்தான்.

உன் அப்பா