முட்டை பொறுக்கும் வேலை அம்மாவுக்கே

என் அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். இங்கே மாடுகள் சௌக்கியம், கிணற்று மோட்டார் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல முனகுகிறது, அதை விடு. அம்மாவைப் பற்றிப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கோழிக்கிறுக்கல்.

நீ இருந்த காலம் போலவே பண்ணையில் நாலு குடும்பத்துக்கும் இன்னும் ஒரே அடுப்புதான். போன மாதம் சமையல் முறை அம்மாவுக்கு வந்தது. கேஸைத் திறந்தவள் பற்றவைக்க மறந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள். நல்லவேளை, நம் தச்சருக்கு மூக்கு பெரிது, மோப்பம் பிடித்து ஓடிவந்து மூடினார். அன்றைக்கே எல்லோரும் கூடிப் பேசி, இனிமேல் அக்காவுக்கு எந்த முறையும் வேண்டாம், ஓய்வா உக்காரட்டும் என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் மறுநாள் அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, நான் யாரு வீட்டு விருந்தாளி, என்னை எதுக்கு இங்க வச்சிருக்கீங்க என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டாள். சோறு வைத்தால், வேலை செய்யாம எப்படிச் சாப்பிடறது என்று தட்டைத் தள்ளிவிட்டாள். முட்டை பொறுக்குவதையாவது அவளுக்கு விடுங்கள், அதில் என்ன தீப்பிடிக்கப் போகிறது என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். விட்டார்கள். அன்று சாப்பிட்டாள்.

இப்போது காலையில் பொறுக்கிக்கொண்டு வருகிறாள், டீ குடித்ததும் அதை மறந்து மறுபடி கூடையைத் தூக்குகிறாள். கூடு காலியாக இருந்தால் முகம் சுண்டிப்போகிறது. அதனால் தச்சர் சம்சாரம் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்க, நான் முட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடி வைக்கோலில் திரும்ப வைக்கிறேன். ஒருநாள் முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவள், ஆறிப்போயிருக்கே, யாரோ என்னை ஏமாத்தறாங்க என்றாள். எல்லாம் மறந்தவள் இதை மறக்கவில்லை பார். அதிலிருந்து சட்டைக்குள் முட்டையை வைத்துப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்து, சூடேறிய பிறகுதான் கொண்டுபோய் வைக்கிறேன். உன் அப்பன் அடைகாக்கிறான் என்று பண்ணையே சிரிக்கிறது. கோழிகூட என்னைப் பங்காளி மாதிரி முறைக்கிறது. ஒன்று உடைந்து தொப்புள் வரை ஒழுகியதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

நேற்று தச்சர் சம்சாரத்திடம் என்னைக் காட்டி, அந்தப் பெரியவரு யாரு, புதுசா வேலைக்கு வந்தவரா என்று கேட்டிருக்கிறாள். அவளும் ஆமாம் என்றுவிட்டாள். பாவம், நல்லா வேலை செய்யறாரு, அனுப்பிடாதீங்க, எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டாரு என்றாளாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் வேலையைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. தவிடு கலக்குகிற சாக்கில் கொட்டகைக்குப் போய்க் கொஞ்சநேரம் அழுதேன். மாடு கண்டுகொள்ளவில்லை.

அடித்துப்பிடித்துக் கிளம்பி வராதே. லீவு கிடைக்கும்போது வா. வேளாவேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போனில் அவளிடம், நான் யாருன்னு தெரியுதாம்மா என்று கேட்காதே. போன தடவை நீ கேட்டதற்கு, போனை வைத்த பிறகும் விரலை மடக்கி மடக்கி யோசித்துக்கொண்டே இருந்தாள். இன்னைக்கு முட்டை கிடைச்சுதா என்று கேள். அதற்குப் பதில் சொல்லுவாள், அந்த ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலைக்குப் புதிதாக வந்திருக்கும்
உன் அப்பா