எண்ணெய் ஊறிய பெட்டி

அம்மு,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், எண்ணெய் ஊறிய அந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து, தலைவன் என்ற மிதப்பில் மாடிவீட்டுத் தம்பியைக் கிழித்தேன். "இது ஒண்ணால மறுசுழற்சிக்குப் போற அட்டை மொத்தமும் எரிக்கப் போயிடுச்சு. எவ்வளவு கரிப்புகை தெரியுமா?"

"நான் இல்லண்ணே" என்று தலைகுனிந்தான்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த என் பெயர்ச் சீட்டை நீ சத்தமில்லாமல் உரித்ததைப் பார்த்தேன். நீ ஊரில் இல்லாத அன்று நான் வரவழைத்துத் தின்ற பீட்சாவின் பெட்டி. தெரிந்த பிறகும் வாயை மூடவில்லை.

உன் கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டேன். முதலில் மாடிக்கு, அப்புறம் வீடு வீடாகப் போகிறேன்.

பால் கவர்களைக் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் எடுத்துவிடு.

பி.கு.: வீட்டுக்கு வந்தும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் சொல்லியிருப்பேன்.