ஜீப்புக்கு நான் கேட்டு வாங்கிய குழாய்

நன்னிலம்
12.10.86

அன்பு மகன் செல்லதுரைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே அந்தப் பனியில் நீ எப்படி இருக்கிறாயோ என்ற நினைப்புதான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வருகிறது. மேட்டூர்த் தண்ணீர் இந்த வருஷமும் பிந்தித்தான் வந்தது, நாற்று முற்றிவிடுமோ என்று அப்பா வாய்க்காலுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார், ஒரு வழியாக நடவு ஆரம்பித்துவிட்டது. கீழண்டைப் பண்ணையில் கூலித் தகராறு தீரவில்லை, வெளியூர் ஆளை லாரியில் இறக்கினார்கள், கட்சிக்காரர்கள் மறித்தார்கள், தாசில்தார் வந்து பேசிவிட்டுப் போனார். நம் வயலுக்கு அந்தத் தொல்லை இல்லை, காளியம்மாள் அத்தை கூட்டி வருகிற நம் தெருப் பெண்கள்தான் எப்போதும் போல நடுகிறார்கள். உன் தங்கச்சிக்குக் கணக்குதான் வரமாட்டேன் என்கிறது, நீ எழுதினால் கேட்பாள், நான் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இதெல்லாம் எழுதுவதற்கு நான் உட்காரவில்லை, உட்கார்ந்த விஷயத்துக்கு வரக் கூச்சமாக இருப்பதால் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஜீப் விஷயம். மதகுச் சுவரில் இடித்துக் கதவுக்குக் கீழே ஓடுகிற பக்கத் தகடு நசுங்கிப்போய்க் கதவே சரியாகச் சாத்தவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு நீ எவ்வளவு விவரமாகப் பதில் போட்டிருந்தாய். மேலே இன்னொரு தகடு அடித்து மூடினால் நம் ஊர்க் களிமண் உள்ளே தங்கித் துருப்பிடித்துவிடும், இடிக்கிற பாரமும் பாடியிலேயே விழும், அதனால் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து இரும்புக் கை எடுத்து நீளவாக்கில் குழாய் கட்டச் சொல் என்றாய். ஆள் ஏறுகிற வண்டியென்றால் குழாய்க்கு மேலே சொரசொரப்பான தகடு வைத்துப் படியாக்கச் சொல், சாமான் மட்டும் என்றால் வெறும் உருண்டைக் குழாய் போதும், சேறு நிற்காது என்றும் எழுதினாய். அப்பாவுக்கு நாற்றங்கால் வேலை, அதனால் மன்னார்குடியில் அப்துல் மஜீது பாயின் வெல்டிங் கடைக்கு டிரைவரை வைத்துக்கொண்டு நான்தான் வண்டியோடு போனேன். பாய் உன் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி நல்லா எழுதியிருக்கு, ஆளு ஏறுமா சாமான் மட்டுமாம்மா" என்று கேட்டார். நான் சாமான் மட்டும்தான் என்றேன். வாய் தவறி வரவில்லை செல்லதுரை, யோசித்துத்தான் சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். ஆவணியில் ஒருநாள் சேற்றுக் காலோடு நின்ற பெண்களை விதைநெல் மூட்டையோடு அடுத்த வயலில் இறக்கிவிட்டு அதே வண்டியில் என்னை வேலைக்குக் கூட்டுறவுச் சங்கத்து ஆபீசில் விட்டார் அப்பா. சீட்டில் இருந்த சேறு முழுக்க என் சேலையில். டைப்பிஸ்ட் மதுரம் பார்த்துவிட்டு, "என்ன வேம்பு, நடவுலேருந்து நேரா வர்றியா, கைய கழுவிட்டு லெட்ஜரத் தொடு" என்று சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். என் அம்மா நடவு நட்டுத்தான் என்னை மன்னார்குடிக்குப் படிக்க அனுப்பினாள், அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்றைக்கே மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன் போலிருக்கிறது, உருண்டைக் குழாய் மறித்துக் கால் வைக்க இடம் இல்லையென்றால் அந்தப் பெண்கள் ஏறமாட்டார்கள், யாரும் யாரையும் ஏறாதே என்று சொல்லவேண்டியதும் இல்லை.

நடவுக்கு முதல் நாள் வெற்றிலைபாக்கு வைத்துக் கூப்பிட்டாயிற்று, மறுநாள் காலையில் தெருமுனையில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். காளியம்மாள் அத்தைதான் எப்போதும் முதலில் ஏறி முன்னால் உட்காருவாள். உனக்குத் தெரியும், நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்துக்குத் தாத்தா பேரில் பட்டா வந்தபோது பண்ணை ஆட்கள் கம்போடு வரப்பில் நிற்க, நடுவயலில் இறங்கி முதல் நாற்று முடிச்சைப் பிரித்தவள் அவள், அன்று வாங்கிய அடியில்தான் இடது கால் அப்படி. அந்தக் காலைத்தான் ஈரத்தோடு குழாயில் வைத்தாள், வழுக்கி முட்டி குழாயில் மோதிக் கீழே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், தங்கம்மாள், "அத்தைக்குக் காலையிலயே ஏறிடுச்சுடி" என்று கிண்டல் பண்ணினாள், அப்புறம் முட்டி வீங்குவதைப் பார்த்து ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். அத்தை குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டா வீரையா, கால வைக்க எடம் எங்கடா" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான், துரைதான் இப்படிப் போடச் சொல்லி எழுதியிருந்தான் என்றேன். "அவனுக்கென்ன, சர்க்காரு பூட்சு குடுத்துருக்கு" என்று அத்தை சிரித்துவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தாள், மற்றவர்களும் அவள் பின்னால் நடந்தார்கள், வண்டியில் நாற்று முடிகள் மட்டும் போயின. பாயிடம் நான் சொன்ன சொல் அன்றைக்கு அப்படியே பலித்துவிட்டது. டீக்கடையில், பட்டாளத்துக்குப் போனதும் வீரையன் மகனுக்கு ஊர் ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பேசினார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து, "லீவுல வரட்டும், கேக்குறேன்" என்றதோடு சரி. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வயலுக்கு டீ கொண்டுபோனேன். பண்ணைக்காரர் வரப்பில் வந்தால் காலடியில் நாற்றுமுடியை வைத்து வழி மறித்துக் காசு கேட்கிற வழக்கம் உண்டல்லவா, நம் வயலில் அது நடந்ததே இல்லை, நம்மை அவர்கள் அப்படி நினைத்ததில்லை. அன்றைக்குத் தங்கம்மாள் ஒரு முடியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, "பண்ணையம்மா வந்துருக்காங்க, வழி விடுங்கடி, சேலையில சேறு தெறிச்சிடப்போவுது" என்றாள். குலவை வேறு போட்டார்கள். டீத்தூக்கு கையில் கனத்தது, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அப்போது காளியம்மாள் அத்தை, முட்டியில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தபடியே நிமிர்ந்து, "எடுடி அத. எழுதுனவன் அங்க இருக்கான், இவள ஏன் சொல்றீங்க" என்று எனக்காக அதட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லத்தை, அவன் ரெண்டு விதமும் எழுதினான், நான்தான் ஏற முடியாததைக் கேட்டு வாங்கினேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அத்தை "ஏன்" என்றாள். நான் என் சேலையைப் பார்த்தேன். அவள் தன் இரண்டு கையையும் ஒருதரம் பார்த்துக்கொண்டு, "இந்தச் சேத்துக்கா" என்று கேட்டாள். நான் டீத்தூக்கை வரப்பில் இறக்கி வைத்தேன். அவள் குனிந்து நட ஆரம்பித்துவிட்டாள், நான் கிளம்புகிறவரை நிமிரவில்லை, டீயும் குடிக்கவில்லை.

மறுநாளே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வண்டியை மன்னார்குடிக்குக் கொண்டுபோனேன். பாய், இப்போது ஆளும் ஏறணுமாக்கும் என்றார், தலையை ஆட்டினேன். குழாயை எடுக்காமல் அதன் மேலேயே அகலமாகச் சொரசொரப்புத் தகடு வைத்துத் தண்ணீர் வடிய ஓட்டை போட்டுக் கொடுத்தார், முன்பக்கம் மட்டும் தாழ்வாக இன்னொரு படி தொங்கவிடச் சொன்னேன், அது மதகில் இடிக்கும் என்றார், இடித்தால் இடிக்கட்டும் என்றேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் "புள்ள மேல போட்டியே" என்று அது ஒன்றுதான் கேட்டார். அடுத்த நாள் காலை தங்கம்மாளும் மற்றவர்களும் ஏறிவிட்டார்கள். அத்தை ஏறவில்லை. அப்பா பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார், "நீ போடா தம்பி" என்றாள். நான் இறங்கி அவளோடு நடந்தேன். மதகருகே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அவனுக்கு எழுதிட்டியா" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது, பேரு போனது அவனுக்கு. மொதல்ல எழுது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன், எனக்கே தோன்றி எழுதினேன் என்று நினைத்துவிடாதே.

உள்ளங்கால் வெடித்திருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படு, கம்பளி பனியன் போதவில்லையென்றால் எழுது, அனுப்புகிறேன். மாரியம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும், பெரிய ஆளாகி நிறைவாக நீ வாழவேண்டும், என்னைப்போல் ஆகாமல் வாழவேண்டும். அப்பாவுக்கு நீ பதில் எழுதும்போது, அம்மா தெரியாமல் செய்திருப்பாள் என்று எனக்காக எழுதிவிடாதே கண்ணு. தெரிந்துதான் செய்தேன்.

உன் அம்மா
வீ. வேம்பு