ஈரத்துணிக்கு இரண்டு நடை

நெருப்பெரிச்சல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கிருத்திகா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லார் உடம்புக்கும் குறைவொன்றும் இல்லை, மனசு எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று சிவன்மலை முருகனிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணுக்குச் சொட்டுமருந்து வேளை தவறாமல் விடுகிறேன், நீ போன் செய்யும்போதெல்லாம் அதையே கேட்கவேண்டாம். இங்கே ஒரு வாரமாக மழை மூட்டம், பெய்வதும் இல்லை விலகுவதும் இல்லை, துணி காயாமல் வீடெல்லாம் ஒரு வாடை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அது உனக்கும் தெரியும்.

நீ அனுப்பிய பெட்டி சனிக்கிழமை வந்து சேர்ந்தது. தம்பி முருகவேல்தான் பிரித்தான். ஒன்றரை அங்குலத் தடிமனில் இரண்டு அலுமினியத் தட்டு, நடுவில் துளை, சுற்றிலும் போல்ட். பின்பக்க அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இந்த ஸ்பேசரை வைத்து இறுக்கினால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், வண்டி திருப்பத்தில் சாயாது, அக்கா அங்கே தன் வண்டிக்குப் போட்டிருக்கிறாள் என்று எனக்குப் பாடம் நடத்தினான். அக்காள் அனுப்பியது என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாட்டப்போகிறான். அப்பாவுக்குப் பிறகு பிக்கப் வண்டி என் பேரில் இருப்பதால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்றான், நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அம்மாவுக்கு வயதானதும் பிடிவாதம் கூடிவிட்டது என்று அவன் நினைக்கிறான், நினைக்கட்டும் என்று மூன்று நாளாக இருந்துவிட்டேன்.

போன மாதம் வண்டி கவிழ்ந்ததை உனக்கு அரையும் குறையுமாகத்தான் சொன்னோம். பழனிமுத்து பத்தொன்பது வருஷமாக நம் வண்டியை ஓட்டுகிறவன், அதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. சாயப்பட்டறையிலிருந்து ஈரத்துணி ஏற்றிக்கொண்டு நம் யூனிட்டுக்கு உலர்த்தக் கொண்டுவரும்போது, திருப்பத்தில் வண்டி அப்படியே இடதுபக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. உள்ளே உருண்டு விழுந்தவனுடைய இடது கை கதவுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள், விரல்கள் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேகமாக வந்திருப்பான் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான்தான் முதலில் சொன்னேன். அதையும் நீ தெரிந்துகொள்.

வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்த பிறகு முருகவேலே ஓட்டுகிறான். போன வியாழக்கிழமை கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, பட்டறையில் லோடு ஏற்றி வந்த அவனோடு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். ஒரு சின்னத் திருப்பம், வேகமும் இல்லை, ஆனால் பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வழியில் எடைமேடை இருந்தது, நிறுத்து என்றேன். "சலான்ல தொள்ளாயிரம் கிலோன்னு போட்டிருக்குதுங்கம்மா, இதுக்கு எதுக்கு எடைமேடை" என்று சிரித்தான். ஏற்றிப் பார்த்தோம். வண்டியின் எடையைக் கழித்தால் ஆயிரத்து ஐந்நூற்று முப்பது. நம் வண்டி தாங்குவது ஆயிரத்து இருநூறு. சாயத்துக்குப் போகும்போது காய்ந்த துணியை நிறுத்த எடையைத்தான் திரும்பி வரும் சலானிலும் எழுதுகிறார்கள். துணி குடித்த தண்ணீரை யாரும் எழுதுவதில்லை. "ஊரே இப்படித்தானுங்கம்மா ஏத்துது. அப்பா காலத்துல இருந்து இதே லோடுதான, அப்பெல்லாம் சாயலையே. ரோடு கெட்டுப்போச்சு, அதுக்குத்தான் அக்கா ஸ்பேசரு அனுப்பியிருக்குது" என்றான்.

மறுநாள் ஆறுச்சாமி பட்டறைக்கு நானே ஆட்டோ வைத்துப் போனேன். நம் வண்டிக்குச் சக்கரவேலை எல்லாம் அவர்தான் பார்க்கிறார். ஸ்பேசர் போட்டால் போதுமா என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்கம்மா, சக்கரத்த வெளிய தள்ளுனா சாயறது கொஞ்சம் கொறையும், பாரம் கொறையுமுங்களா? அதே பாரம் இன்னும் எட்டப் போயி நின்னு பேரிங்கையும் போல்ட்டையும் புடிச்சு நெம்புமுங்க. சாயறது கொறைஞ்சுதுன்னு பயலுக இன்னும் நாலு உருட்டுத் துணி சேத்திப் போடுவானுக" என்றார். உன் வண்டி மணலில் இரண்டு பேரோடு போகிறது கண்ணு, அதற்கு அது சரியாக இருக்கலாம். நல்ல மனசோடு அனுப்பினாய், உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் வண்டி சாய்ந்ததற்குச் சக்கரம் காரணமில்லை.

காரணம் நான். அப்பா இருந்தவரை ஈரத்துணிக்கு எப்போதும் பாதி பாதியாக இரண்டு நடைதான். முருகவேல் அப்போது கோவையில் வேலையில் இருந்தான், அவனுக்கு இது தெரியாது. அப்பா போனபின் சலான்களை நான் பார்க்க ஆரம்பித்தேன். தொள்ளாயிரம் கிலோவுக்கு எதற்கு இரண்டு நடை என்று பழனிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஈரமுங்கம்மா, கனம் இழுக்குது" என்றான். கனம் தாளில் எழுதியிருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியும் என்றேன். அதோடு விடவில்லை, நடுவில் டீக்கடையில் உட்காரத்தானே உனக்கு இரண்டாம் நடை என்றும் சொன்னேன், லோடு ஏற்றுகிற நாலு பேர் முன்னால். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஒரே நடை. அப்பாவுக்கு வேலைக்காரர்களிடம் கண்டிப்புப் போதாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் படித்த கான்வென்டில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் மறுபடி சரிபார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் தாளைச் சரிபார்த்தேன், துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

நேற்று பழனிமுத்து வீட்டுக்குப் போனேன். அவன் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். நான் சொன்னது தப்பு, அதனால்தான் வண்டி கவிழ்ந்தது என்று சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நானும் அதுக்கப்புறம் வாயத் தொறக்கலீங்கம்மா. படிச்சவங்க சொல்றாங்க, நமக்கென்ன தெரியும்னு உட்டுட்டனுங்க" என்றான். அவன் பெண்சாதி தெய்வாத்தாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "இப்ப வந்து சொல்றீங்க. சட்டைப் பொத்தான்கூட நாந்தானுங்க போட்டுவுடறேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன், குடிக்காமல் வந்தால் அது இன்னொரு அவமானம் அவளுக்கு.

முருகவேலிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அப்பா காலத்துப் பழக்கம் என்று அவன் நம்புகிறவரை ஸ்பேசரை மாட்டத்தான் செய்வான், ஒரே நடையாகத்தான் ஏற்றுவான். அடுத்த திங்கட்கிழமை முதல் கன்னையன் என்று புது டிரைவர் வருகிறான், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறதாம். முருகவேல் முன்னால் போய் நிற்பேன், வாய் வரைக்கும் வரும், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். பெற்ற பிள்ளையிடம் என்ன கௌரவம் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது, அதற்காகவே முதலில் உனக்கு எழுதினேன். நாளைக் காலையில் இதைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வராமல் நேரே யூனிட்டுக்குப் போகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறாண்டு நல்லபடியாக வாழவேண்டும், முருகன் துணை இருப்பான். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்றை மறக்காதே. இது கையில் கிடைத்த அன்றே தம்பிக்குப் போன் செய், அம்மா சொன்னாளா என்று கேள். சொல்லவில்லை என்றால் ஒரு வரி விடாமல் இதை அவனுக்கு வாசித்துக் காட்டு, என்னைக் கேட்கவேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்ரகலா ஞானசம்பந்தம்